ஜான் ஹென்றி விக்மோர்

ஜான் ஹென்றி விக்மோர் (மார்ச் 4, 1863 – ஏப்ரல் 20, 1943) ஓர் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஆவார். சாட்சியச் சட்டம் பற்றி இவர் எழுதிய பல தொகுதிகள் கொண்ட பெருநூலின் வழியாகவே சட்ட உலகில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். 1901 முதல் 1929 வரை சிக்காகோவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் முதல்வராகப் பணியாற்றினார். ஜப்பானியச் சட்டத்தை, குறிப்பாகத் தொகுகவா காலத்துச் சட்டத்தை, ஜப்பானுக்கு வெளியே ஓர் ஆய்வுத் துறையாக அறிமுகப்படுத்திய முன்னோடிகளுள் இவர் முதன்மையானவர். இளம் ஆசிரியராக டோக்கியோவில் இவர் தொடங்கிய அப்பணி, இவர் இறந்து 43 ஆண்டுகள் கழிந்த பின்னரே முழுமையாக அச்சேறியது.

இளமையும் கல்வியும்

விக்மோர் கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறியவர். மர வணிகம் செய்துவந்தார். தாயார் இங்கிலாந்தில் பிறந்தவர். விக்மோர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1883இல் இளங்கலைப் பட்டமும், 1884இல் முதுகலைப் பட்டமும், 1887இல் சட்டப் பட்டமும் பெற்றார். மாணவர்களே நடத்தும் ஹார்வர்டு சட்ட ஆய்விதழ் 1887இல் தொடங்கப்பட்டபோது அதனை உருவாக்கிய மாணவர் குழுவில் இவரும் ஒருவராக இருந்தார்.

பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டுகள் பாஸ்டன் நகரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். அக்காலத்தில் அமெரிக்க மாநிலங்களில் மறைமுக வாக்களிப்பு முறை பரவத் தொடங்கியிருந்தது. ஆஸ்திரேலிய வாக்குச்சீட்டு முறை எனப்பட்ட அம்முறை குறித்து இவர் தொகுத்த நூல் 1889இல் வெளியானது. ஒரு நாட்டுச் சட்டத்திலிருந்து மற்றொரு நாடு கற்றுக்கொள்ள இயலும் என்னும் ஆர்வம் இவரிடம் தொடக்கத்திலேயே இருந்தமையை இந்நூல் காட்டுகிறது.

ஜப்பானில் அன்றிருந்த சூழல்

1858இல் ஜப்பான் மேலை நாடுகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, ஜப்பானில் குற்றம் புரியும் மேலை நாட்டினரை ஜப்பானிய நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது. அந்தந்த நாட்டுத் தூதரகங்களே விசாரிக்கும். இந்நிலையை நீக்க வேண்டுமானால், மேலை நாடுகள் ஏற்கத்தக்க சட்டங்கள் தன்னிடம் இருப்பதை ஜப்பான் காட்ட வேண்டியிருந்தது. எனவே 1868இல் அமைந்த மெய்ஜி அரசு மேலைச் சட்டங்களை மாதிரியாகக் கொண்டு புதிய சட்டத்தொகுப்புகளை இயற்ற விரைந்தது. 1873இல் ஜப்பானுக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் பொய்சொனாத் இப்பணியில் பெரும் பங்காற்றினார். 1889இல் அரசியலமைப்பும், 1890இல் உரிமையியல் சட்டத்தொகுப்பும் அறிவிக்கப்பட்டன.

இந்த விரைவில் பழைய சட்டம் புறக்கணிக்கப்பட்டது. 1603 முதல் 1867 வரை நாட்டை ஆண்ட தொகுகவா ஷோகுன்களின் நீதிமுறை கடந்த காலத்துக் கொடுங்கோன்மையின் எச்சமாகவே பலராலும் கருதப்பட்டது. கற்கத்தக்க சட்டம் என ஒன்று ஜப்பானில் இருந்ததில்லை என்ற எண்ணம் மேலை நாட்டாரிடையே மட்டுமன்றி, மேலைக் கல்வி பெற்ற ஜப்பானியர் பலரிடமும் நிலவியது. விக்மோர் டோக்கியோவுக்கு வந்தது இத்தகைய சூழலிலேயாகும்.

கெயோவில் ஆசிரியப் பணி

சீர்திருத்தச் சிந்தனையாளர் புகுசாவா யுகிச்சி 1858இல் நிறுவிய கெயோ கிஜுகு என்னும் கல்விக்கூடம், 1890 சனவரியில் பல்கலைக்கழகப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. இலக்கியம், பொருளியல், சட்டம் ஆகிய மூன்று துறைகளுக்கும் தலைமை ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட்டின் உதவியை நாடி, ஆர்தர் நாப் என்னும் சமயப் பணியாளர் வழியாக மூன்று அமெரிக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சட்டத்துறைக்கு விக்மோரும், பொருளியலுக்குக் காரெட் டிராப்பர்சும், இலக்கியத்துக்கு வில்லியம் லிஸ்கோமும் அமர்த்தப்பட்டனர்.

விக்மோர் 1889இல் எம்மா வோகல் என்பவரை மணந்து, அதே ஆண்டில் மனைவியுடன் டோக்கியோவை அடைந்தார். 1892ஆம் ஆண்டின் இறுதிவரை அங்கே ஆங்கில-அமெரிக்கச் சட்டத்தைக் கற்பித்தார். கற்பிப்பதற்காகச் சென்றவர் விரைவிலேயே தாமும் கற்கத் தொடங்கினார். தம் மாணவர்கள் எந்தச் சட்டத்தை மறந்து வருகின்றனரோ, அதுவே இவருடைய ஆய்வுப் பொருளாயிற்று.

தொகுகவா சட்ட ஆவணங்கள்

இத்துறையில் இவருடைய முதற்பணி, மற்றொருவர் விட்டுச் சென்ற குறிப்புகளைப் பதிப்பிப்பதாக அமைந்தது. புகுசாவாவின் நண்பரும் அமெரிக்க மருத்துவருமான டுவேன் சிம்மன்ஸ் 1889இல் டோக்கியோவில் காலமானார். பழைய ஜப்பானின் நில உரிமை, ஊராட்சி அமைப்புகள் குறித்து அவர் திரட்டியிருந்த குறிப்புகளை விக்மோர் ஒழுங்குபடுத்தி, தம் சொந்த ஆய்வையும் சேர்த்து, ஜப்பானிய ஆசியவியல் கழகத்தின் வெளியீட்டில் 1891இல் வெளியிட்டார்.

அடுத்து அதனினும் பெரிய பணியை மேற்கொண்டார். அதற்கு இரு வகை மூலங்கள் பயன்பட்டன.

முதலாவது, வழக்காறுகளின் தொகுப்பு. மெய்ஜி அரசின் நீதித்துறை 1870களில் தன் அலுவலரைப் பல மாகாணங்களுக்கும் அனுப்பி, திருமணம், தத்தெடுப்பு, மரபுரிமை, அடமானம், குத்தகை, கடன் முதலியவற்றில் மக்கள் பின்பற்றிய வழக்கங்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டுப் பதிவு செய்தது. இப்பதிவுகள் 1877இலும், விரிவுபடுத்தப்பட்டு 1880இலும் நூலாக வெளிவந்தன. ஒரே பொருளில் மாவட்டந்தோறும் வழக்கம் எவ்வாறு வேறுபட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இரண்டாவது, நீதிமன்றத் தீர்ப்புகள். ஷோகுன் ஆட்சியில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) ஹ்யோஜோஷோ என்னும் உயர் மன்றம் இயங்கியது. கோயில்கள், நகரம், நிதி ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூவகை ஆணையர் அதில் அமர்ந்து, வெவ்வேறு ஆட்சி எல்லைகளைச் சேர்ந்தவரிடையே எழும் வழக்குகளையும், கீழ்நிலையில் தீராத சிக்கலான வழக்குகளையும் விசாரித்தனர். எட்டாம் ஷோகுன் யொஷிமுனேயின் ஆணைப்படி 1742இல் நீதி வழங்கும் விதிகள் தொகுக்கப்பட்டன. ஆனால் அத்தொகுப்பு பொதுமக்களுக்காக வெளியிடப்படவில்லை. ஆணையர் மட்டுமே பார்க்கத்தக்க கமுக்க ஆவணமாக வைக்கப்பட்டது. விதிகள் வெளியிடப்படாத நிலையில், முன்னர் வந்த வழக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதைப் பதிவேடுகளில் தேடி, அதற்கு ஏற்பப் புதிய வழக்கைத் தீர்க்கும் பழக்கம் மன்றத்தில் வேரூன்றியிருந்தது.

விக்மோரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது இந்தப் பழக்கமே ஆகும். முன்தீர்ப்புகளைப் பின்பற்றிச் சட்டத்தை வளர்ப்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் தனிச்சிறப்பு என அக்காலச் சட்ட மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டது. இங்கிலாந்துடன் எத்தொடர்புமின்றி, வெளியுலகுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டிருந்த ஒரு நாட்டில் அதனையொத்த முறை தோன்றியிருந்தமையை இவர் கண்டார். மேலும் ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தை, வணிகர் குழுக்கள், உண்டியல் வழிப் பணமாற்று ஆகியவற்றைச் சுட்டி, ஜப்பானிய வணிக வழக்கங்கள் மேலை நாட்டாரின் வருகைக்கு முன்னரே முதிர்ச்சி பெற்றிருந்தன என எடுத்துரைத்தார்.

ஜப்பானிய உதவியாளர்கள் மூலங்களை ஆங்கிலத்தில் பெயர்க்க, விக்மோர் அவற்றைத் திருத்தி, வகைப்படுத்தி, விளக்கங்கள் சேர்த்தார். பழைய ஜப்பானின் தனியார் சட்டத்தை ஆய்வதற்கான மூலங்கள் என்னும் பொருள்படும் தலைப்பில், ஜப்பானிய ஆசியவியல் கழகத்தின் துணை வெளியீடாக 1892இல் இத்தொகுப்பின் சில பகுதிகள் வெளிவந்தன. எஞ்சிய பகுதிகள் கையெழுத்துப் படிகளாகவே தங்கிவிட்டன. இவர் தம் கருத்துகளை மட்டும் கட்டுரையாக எழுதி அமையாமல், பிறர் சரிபார்க்கத்தக்க வகையில் மூலங்களையே வெளியிட முனைந்தமை குறிப்பிடத்தக்கது. ஜப்பானிய மொழி அறியாத ஒருவர் ஜப்பானியத் தீர்ப்புகளை நேரடியாகப் பயில்வதற்கு இது வழிவகுத்தது.

சட்டத்தொகுப்பு விவாதம்

1890இல் அறிவிக்கப்பட்ட உரிமையியல் சட்டத்தொகுப்பு 1893 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அது ஜப்பானியக் குடும்ப மரபுகளுக்குப் பொருந்தாது என ஒரு சாராரும், உடன்படிக்கைகளைத் திருத்த அது இன்றியமையாதது என மற்றொரு சாராரும் வாதிட்டனர். விக்மோர் இவ்விவாதத்தில் பங்கேற்று, பழைய வழக்கங்களையும் புதிய தொகுப்பையும் ஒப்பிட்டு 1892இல் எழுதினார். பழைய வழக்கங்களை ஆராயாமல் புதிய சட்டத்தை மதிப்பிட இயலாது என்பது இவருடைய அணுகுமுறையாக இருந்தது.

1892இல் தொகுப்பின் நடைமுறை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் ஜப்பானிய அறிஞர் மூவர் வரைந்த புதிய உரிமையியல் சட்டத்தொகுப்பு 1898இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஜெர்மானியச் சட்டத்தின் தாக்கம் மிகுதியாக இருந்தது. 1899இல் தூதரக நீதிமன்றங்களின் அதிகாரமும் முடிவுக்கு வந்தது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம்

1893இல் விக்மோர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் பேராசிரியராகச் சேர்ந்தார். 1901இல் அதன் முதல்வரானார். 28 ஆண்டுகள் நீடித்த இவருடைய பொறுப்புக் காலத்தில் அப்பள்ளி அமெரிக்காவின் முன்னணிச் சட்டக் கல்விக்கூடங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1906இல் இல்லினாய் சட்ட ஆய்விதழ் தொடங்கப்பட்டது. 1909இல் இவருடைய முயற்சியால் சிக்காகோவில் கூடிய மாநாட்டில் அமெரிக்கக் குற்றவியல் சட்ட, குற்றவியல் நிறுவனம் உருவானது. விக்மோர் அதன் முதல் தலைவரானார்.

ஐரோப்பிய அறிஞரின் சட்ட நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிடும் பெரும் தொடர்களையும் இவர் முன்னின்று நடத்தினார். சட்டத் தத்துவம், ஐரோப்பியச் சட்ட வரலாறு, நவீனக் குற்றவியல் ஆகிய மூன்று தொடர்கள் இவற்றுள் அடங்கும். டோக்கியோவில் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணியின் நோக்கமே இத்தொடர்களிலும் காணப்படுகிறது.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் சட்டப் பிரிவில் பணியாற்றிக் கர்னல் நிலைக்கு உயர்ந்தார். கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலகத்தில் இவருடைய பணி அமைந்தது.

சாட்சியச் சட்டம்

விக்மோரின் மிகவும் புகழ்பெற்ற நூல் சாட்சியச் சட்டம் பற்றிய ஆய்வுரையாகும். நான்கு தொகுதிகளாக 1904–1905இல் வெளிவந்த இந்நூல், 1923இல் ஐந்து தொகுதிகளாகவும், 1940இல் பத்துத் தொகுதிகளாகவும் விரிந்தது. ஆயிரக்கணக்கான தீர்ப்புகளில் சிதறிக் கிடந்த விதிகளை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு விதியும் தோன்றிய வரலாற்றையும் காரணத்தையும் இந்நூல் விளக்கியது. அமெரிக்காவிலன்றிப் பிற பொதுச் சட்ட நாடுகளிலும் இது பயன்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இந்நூல் சுட்டப்பட்டுள்ளது.

1913இல், ஒரு வழக்கிலுள்ள சான்றுகள் அனைத்தையும் குறியீடுகளாக வரைந்து, எச்சான்று எம்முடிவை வலுப்படுத்துகிறது, எது வலுவிழக்கச் செய்கிறது என்பதை வலைப்பின்னலாகக் காட்டும் முறை ஒன்றை இவர் முன்வைத்தார். இது விக்மோர் வரைபடம் எனப்படுகிறது. இவருடைய காலத்தில் பெரிதும் கண்டுகொள்ளப்படாத இம்முறை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சான்றுப் பகுப்பாய்வு ஆய்வாளராலும், கணினி வழி வாத அமைப்புகளை ஆய்பவராலும் மீண்டும் எடுத்தாளப்பட்டது.

உலகச் சட்ட முறைகள்

பண்டைய எகிப்து முதல் தற்காலம் வரையிலான 16 சட்ட முறைகளைப் படங்களுடன் விளக்கும் நூலை விக்மோர் 1928இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கண்ணாடித் தகட்டுப் படங்களைத் திரையில் காட்டி இவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளே இந்நூலுக்கு அடிப்படை. இந்து, சீன, இசுலாமியச் சட்ட முறைகளுடன் ஜப்பானியச் சட்ட முறைக்கும் இதில் தனி இடம் அளிக்கப்பட்டது. ஐரோப்பியச் சட்ட முறைகளுக்கு இணையாக ஜப்பானையும் வைத்துக் காட்டிய இந்நூல், பொது வாசகரிடையேயும் பரவியது.

ஜப்பானுக்கு மீண்டும் பயணம்

செப்டம்பர் 1, 1923 அன்று ஏற்பட்ட பெரும் காந்தோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. அங்குப் பாதுகாக்கப்பட்டிருந்த ஹ்யோஜோஷோ மன்றப் பதிவேடுகளும் அத்தீயில் பெருமளவில் அழிந்தன. அதன்பின், தீக்கு முன்னர் எடுக்கப்பட்ட படிகளும் மொழிபெயர்ப்புகளும் முன்னில்லாத மதிப்பைப் பெற்றன. விக்மோர் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி நிறைவு பெறாமல் விட்ட பணியின் இன்றியமையாமையும் இதனால் கூடியது.

1933இல் நாடுகள் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்த ஜப்பான், தன் பண்பாட்டை வெளிநாடுகளில் பரப்புவதற்காக 1934இல் கொகுசாய் புன்கா ஷிங்கோகாய் என்னும் பன்னாட்டுப் பண்பாட்டு உறவுக் கழகத்தை அமைத்தது. தொகுகவா சட்ட மூலங்களை முழுமையாக மொழிபெயர்த்து வெளியிடும் திட்டத்தை இக்கழகம் ஏற்றது. 1935இல், தம் 72ஆம் வயதில், விக்மோர் மனைவியுடன் டோக்கியோவுக்கு மீண்டும் சென்று இப்பணிக்கு வழிகாட்டினார். அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னரும் பதிப்புப் பணியைத் தொடர்ந்தார்.

1941இல் நூல் வெளிவரத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானும் அமெரிக்காவும் போரில் இறங்கின. சிக்காகோவில் இருந்த பதிப்பாசிரியருக்கும் டோக்கியோவில் இருந்த மொழிபெயர்ப்பாளருக்கும் இடையே தொடர்பு அறுந்தது.

மறைவு

ஏப்ரல் 20, 1943 அன்று, குற்றவியல் ஆய்விதழ் ஒன்றின் பதிப்புக் குழுக் கூட்டத்தில் கலந்துகொண்டு வாடகைக் காரில் திரும்புகையில் நேர்ந்த விபத்தில் விக்மோர் சிக்காகோவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80. அவருடைய உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய பணிகளில் நெடுங்காலம் துணைநின்ற மனைவி எம்மாவும் அதே ஆண்டில் காலமானார். தொகுகவா சட்ட நூல் முழுமை பெறுவதை இருவரும் காணவில்லை.

மறைவுக்குப் பின்

போருக்குப் பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானியச் சட்டம் முறையான பாடமாக வளரத் தொடங்கியது. ஆர்தர் வான் மேரன் பதிப்பித்த ஜப்பானியச் சட்டம் குறித்த கட்டுரைத் தொகுப்பு 1963இல் ஹார்வர்டிலிருந்து வெளிவந்தது. சியாட்டிலிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் டான் ஃபென்னோ ஹெண்டர்சன் 1960களில் ஆசியச் சட்டக் கல்வித் திட்டத்தை உருவாக்கினார். ஹெண்டர்சன் 1965இல் வெளியிட்ட, ஜப்பானில் இணக்கத் தீர்வு முறை பற்றிய இரு தொகுதி நூல், தொகுகவா கால நீதிமுறையை விரிவாக ஆய்ந்தது.

1960களின் இறுதியில் டோக்கியோ பல்கலைக்கழக அச்சகம் விக்மோரின் தொகுப்பைத் தொகுகவா ஜப்பானில் சட்டமும் நீதியும் என்னும் பொருள்படும் தலைப்பில் மீண்டும் வெளியிடத் தொடங்கியது. ஒப்பந்தம், சொத்து, ஆட்களின் நிலை, வழக்கு நடைமுறை ஆகியவை குறித்த வழக்காறுகளையும் தீர்ப்புகளையும் உள்ளடக்கிய இதன் பத்துப் பகுதிகளும் 1986இல் நிறைவு பெற்றன. ஆங்கிலம் வழியாகத் தொகுகவா சட்டத்தைப் பயில்வோருக்கு இது இன்றும் அடிப்படை மூலமாக உள்ளது.

மதிப்பீடும் விமர்சனமும்

தொகுகவா நீதிமுறையை ஆங்கிலேயப் பொதுச் சட்டத்துடன் விக்மோர் ஒப்பிட்டதைப் பிற்கால ஆய்வாளர் முழுமையாக ஏற்கவில்லை. தொகுகவா மன்றங்களில் வழக்குத் தொடுப்பது குடிமக்களின் உரிமையாக அன்றி, ஆட்சியாளர் அளிக்கும் சலுகையாகவே கருதப்பட்டது. ஊர்த் தலைவரின் முத்திரையின்றி ஊர் மக்களால் வழக்கைக் கொண்டுவர இயலாது. பணக் கடன் வழக்குகளைத் தரப்பினரே தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என 1719இல் ஆணையிடப்பட்டது. தீர்ப்புகள் பொதுவில் வெளியிடப்படாமையால், முன்தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதிடும் வழக்கறிஞர் மரபும் அங்கு வளரவில்லை. ஆகவே முன்தீர்ப்பைப் பின்பற்றும் பழக்கம் ஒத்திருந்தாலும், அதன் பயன் இரு நாடுகளிலும் வேறுபட்டது என்பது இவர்களின் கருத்தாகும். எனினும் இத்தகைய விமர்சனத்தை முன்வைப்பதற்குத் தேவையான தீர்ப்புகளை ஆங்கிலத்தில் கிடைக்கச் செய்தவரும் விக்மோரே ஆவார்.

இவருடைய பிற நிலைப்பாடுகளும் கண்டனத்துக்கு உள்ளாயின. 1920இல், ஏப்ராம்ஸ் வழக்கில் பேச்சுரிமைக்கு ஆதரவாக நீதிபதி ஹோம்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை இவர் கடுமையாகத் தாக்கினார். 1927இல் சாக்கோ, வன்செட்டி ஆகியோரின் வழக்கு குறித்து பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டருடன் நாளிதழில் நடத்திய விவாதத்தில் வழக்கின் விவரங்களைச் சரிவர ஆராயாமல் எழுதினார் எனக் குறைகூறப்பட்டார். பாலியல் குற்ற வழக்குகளில் முறையிடும் பெண்களை மனநல ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் எனச் சாட்சியச் சட்ட நூலில் இவர் எழுதியது, தக்க ஆதாரமற்றதும் பெண்களுக்கு அநீதி இழைப்பதுமாகும் எனப் பின்னாளில் வன்மையாக மறுக்கப்பட்டது.

முதன்மை நூல்கள் (தமிழ்ப் பொருளில்)

ஆஸ்திரேலிய வாக்குச்சீட்டு முறை – 1889
பழைய ஜப்பானின் நில உரிமை, ஊராட்சி அமைப்புகள் பற்றிய குறிப்புகள் (டுவேன் சிம்மன்சின் குறிப்புகளுடன்) – 1891
பழைய ஜப்பானின் தனியார் சட்டத்தை ஆய்வதற்கான மூலங்கள் – 1892
சாட்சியச் சட்டம் பற்றிய ஆய்வுரை – 1904–1905
நீதிமன்ற நிறுவுதலின் கோட்பாடுகள் – 1913
உலகச் சட்ட முறைகளின் காட்சி – 1928
தொகுகவா ஜப்பானில் சட்டமும் நீதியும் (பதிப்பு) – 1986இல் நிறைவு